அம்மாவின் ‘ம’

வேல்ஸ்காரர் ஒருவரை வாய் தவறி இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதை முதல் நாளே பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பக்கத்தில் நான் பாடிக்கொண்டிருந்த பாடகர் குழுவின் பயிற்சிக்கு அவர் வந்திருந்தார். அவர் எழுதிய பாட்டைத்தான் நாங்கள் பயின்றுகொண்டிருந்தோம். எழுதியவரே நேரில் வந்து கேட்கப்போகிறார் என்று குழுத்தலைவிக்கு ஒரு வாரமாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரவேற்றுப் பேசும்போது, ‘இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர்’ என்று சொல்லிவிட்டாள்.

அவர் எழுந்தார். “இங்கிலாந்து எங்களுக்குப் பக்கத்து வீடு. வேலி தாண்டி வந்தவர்கள் இன்னும் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உதடு ஒரு பக்கம் இறுகி, காது மடல் சிவந்து நின்றார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ‘நீங்கள் ஹிந்திதானே பேசுவீர்கள்’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அதே முகம் வந்திருந்தது.

இடைவேளையில் எல்லோரும் குக்கி தின்னப் போய்விட்டார்கள். அவருடைய மேசையில் ஒரு தாள் கிடந்தது. மேற்கத்திய இசை என்றால் ஐந்து கோடு, அதன் மேல் புளியங்கொட்டை மாதிரிப் புள்ளிகள் என்றுதானே நினைப்போம். அந்தத் தாளில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. பென்சிலில் எழுதிய சின்ன ஆங்கில எழுத்துகள், நடுவில் இரட்டைப் புள்ளிகள். டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்தை மட்டும் எழுதிப் பாடுகிற முறை அது. சோல்ஃபா என்போம். மிஷனரிகள் கொண்டுவந்து கொடுத்தது. பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் படித்த முதல் இசை எழுத்தே அதுதான். அமெரிக்காவில் அதைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஊர்க்காரரை, நம்மவர்கள் கடை வைத்திருக்கிற எடிசன் கடைத்தெருவில் திடீரென்று பார்த்தது போல் இருந்தது. என்னை அறியாமல் அந்தத் தாளை முணுமுணுத்துப் பாடினேன்.

அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு இது எப்படித் தெரியும்?”

“எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்” என்றேன். எல்லோருக்கும் தெரியாது. ஆனாலும் அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது.

அப்படித்தான் நான் அவருக்குப் பிரதி எழுதுகிறவள் ஆனேன். அவர் இன்றுவரை முதல் வரைவை சோல்ஃபாவில்தான் எழுதுகிறார். பிறகுதான் அதை ஐந்து கோட்டுக்கு மாற்ற வேண்டும். முன்பெல்லாம் அவரே மாற்றிவிடுவார். இப்போது கை நடுக்கம். பதிப்பகத்து ஆட்களிடம் அந்தத் தாள்களைக் காட்ட அவருக்குக் கூச்சம். லண்டனில் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது, ஐந்து கோட்டைத் தடுமாறிப் படித்த இவரைச் சக மாணவர்கள் ‘ஞாயிறு பள்ளிக்கூடம்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்களாம். அந்த வடு எழுபது வயதுக்கு மேலும் ஆறவில்லை. நான் பகலில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் சோதிக்கிறவள். கணினியில் இசை எழுதும் மென்பொருளைக் கற்றுக்கொள்ள எனக்குப் பெரிய பாடாக இல்லை. சனிக்கிழமை காலைகளில் கால்வாய்ப் பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போவேன். அவர் பென்சில் தாளைப் பார்த்துப் பாடுவார், நான் தட்டுவேன்.

“சனிக்கிழமை ஆனா போதும், வேல்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிடறே. லாண்டரியை யாரு ஃபோல்ட் பண்றது?” என்பார் என் கணவர். அவரேதான் மடிப்பார். சொல்லிக் காட்டுவதோடு சரி.

வேலைக்கு நடுவில் இசையமைப்பாளர் தன் கதையைச் சொல்வார். வடக்கு வேல்ஸில் கற்பலகை வெட்டும் சுரங்க ஊர். கூரை, வேலி, கல்லறை எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கல். அப்பா வாரம் முழுக்கக் கல் உடைப்பார், ஞாயிற்றுக்கிழமை சேப்பல் என்கிற சின்னக் கோயிலில் பாட்டை நடத்துவார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு நாலு குரல் இருந்தது, பியானோதான் இல்லை. அதனால் எல்லோருக்கும் சோல்ஃபா. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் ஆசிரியர் முகம் சுளிப்பாராம். எங்கள் கான்வென்டில் தமிழ் பேசினால் ஃபைன் என்று நான் சொன்னேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்து, “பார்த்தாயா, ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாம்” என்றார். நான் பூரித்துப்போனேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அம்மாவைப் பற்றியும் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மா அந்தச் சேப்பலைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தவர். “என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. பாட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. உன் அப்பாவை இந்த வீட்டிலிருந்து கொண்டுபோனதே அந்தப் பாட்டுதான் என்பாள். எல்லோரும் எழுந்து பாடும்போது அவள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பாள்.” சொல்லிவிட்டு நான் கொண்டுபோயிருந்த இட்லிக்கு மிளகாய்ப்பொடி போட்டுக்கொண்டார். ஒருமுறை அல்ல, வெவ்வேறு சமயங்களில் இதையே சொல்லியிருக்கிறார்.

லண்டனில் படிப்பு முடிந்து சில வருடம் பித்தளை வாத்தியக் குழுக்களுக்கு எழுதினார். ஒரு ஆப்பெரா எழுதி மூக்குடைபட்டார். பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தார். பிறகு அவர் பெயரைத் தூக்கி நிறுத்திய படைப்பு வந்தது. அவர் ஊருக்கு அருகில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கிருந்த கிராமத்தைக் காலி செய்து, சேப்பலும் கல்லறையும் உட்பட நீரில் மூழ்கவிட்டு, ஓர் ஆங்கில நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனார்களாம். அதைப் பற்றிக் குரல்களுக்காக எழுதினார். “குழாயைத் திறக்கிறவனுக்கு அது யாருடைய தண்ணீர் என்று தெரியாது. அதுதான் அந்தப் பாட்டு முழுக்க” என்பார். பிறகு இரண்டாவது மனைவிக்கு இங்கே பல்கலைக்கழக வேலை கிடைத்து, நியூ ஜெர்சிக்கு வந்தார்கள். அமெரிக்கப் பாடகர் குழுக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடின. மனைவி காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்துகொண்டிருந்தது. பழைய பாட்டையே திருப்பித் திருப்பி எழுதுகிறார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து இசைக்க ஒரு பெரிய படைப்பு கேட்டிருந்தார்கள். அவருக்கு அது நகரவில்லை. சனிக்கிழமை போனால் போன வாரத் தாளை அழித்துவைத்திருப்பார். “எல்லாம் நான் ஏற்கெனவே எழுதியது” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் அம்மாவை அங்கே அழைத்துப்போனேன்.

அப்பா போன பிறகு அம்மா க்ரீன் கார்டில் எங்களோடு வந்துவிட்டார். நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் காரில்லாமல் வாசல் தாண்ட முடியாது. கணவர் மகளை நீச்சலுக்குக் கொண்டுபோயிருந்த ஒரு சனிக்கிழமை, அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சமையலறை ஓரத்து நாற்காலியில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசையமைப்பாளர் பியானோவில், மனம் போன போக்கில், தன் ஊர்ச் சேப்பலில் பாடுகிற ஒரு பழைய பாட்டை வாசித்தார்.

“ஏளா, இது நம்ம பாட்டுல்லா!” என்றார் அம்மா.

அந்த மெட்டு எங்கள் பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலும் உண்டு. வேல்ஸிலிருந்து எப்படியோ திருநெல்வேலி வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா தமிழில் ஆல்டோ பாகத்தை, பெண்களின் கீழ்க்குரல் பாகத்தை, பாடினார். வயதான குரல், ஆனால் சுருதி விலகவில்லை. பாட்டு முடிந்து, கடைசிச் சொல்லை நீட்டிப் பிடித்து நிற்கிற இடத்தில், அம்மா எப்போதும் செய்கிற அந்தத் தப்பைச் செய்தார்.

அதைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து அவ்வளவாகப் படிக்க வராது. அப்படிப்பட்ட பெண்களுக்காக எங்கள் சபையின் பாட்டு வாத்தியார் சோல்ஃபாவைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மி என்பதற்கு ‘ம’. மற்ற பெண்களுக்குச் சிக்கல் இல்லை. என் அம்மாவோ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சரளி வரிசை படித்தவர். ச ரி க ம. அதில் ‘ம’ நாலாவது சுரம். சோல்ஃபாவில் ‘ம’ மூன்றாவது. நடுப்பாட்டில் பக்கத்திலிருப்பவர் குரலைக் கேட்டு ஒட்டிப் பாடிவிடுவார். கடைசியில் எல்லோரும் நீட்டி நிற்கும்போதுதான் தாளைப் பார்ப்பார். தாளில் ‘ம’ இருக்கும். அம்மாவுக்கு ‘ம’ என்றால் ம-தான். மூன்றில் நிற்க வேண்டிய குரல் நாலில் போய் நிற்கும். பாட்டு வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே நிற்கிற மாதிரி இருக்கும்.

வாத்தியார் பலமுறை திருத்திப் பார்த்தார். அது நாக்கில் ஊறிப்போயிருந்தது. பின் வரிசைக்கு மாற்றினார். கடைசியில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால், எல்லோர் எதிரிலும், “நீங்க கடேசி நோட்டுக்கு வாய மட்டும் அசைங்கம்மா, சத்தம் வேண்டாம்” என்றார். அம்மா அன்றைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் வந்தார், கடைசிச் சுரத்துக்கு வாயை மட்டும் அசைத்து. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே அழுதார். அந்த வருடத்தோடு குழுவிலிருந்து நின்றுவிட்டார். நான் அப்போது சின்னப் பெண். அம்மா ஏன் இனிப் பாடப் போவதில்லை என்று கேட்டதற்கு, “எனக்கு ‘ம’ வரல்லட்டி” என்றார்.

அந்த ‘ம’வைத்தான் அம்மா அன்று அவர் சமையலறையில் பாடினார். அவர் பியானோவில் சரியான மூன்றாவது சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டும் உரசின. அம்மா உடனே நாக்கைக் கடித்தார். “தப்பாப் பாடிட்டேன்னு சொல்லுளா அவர்ட்ட.”

அவர் கையை எடுக்கவில்லை. ஒரே ஒரு விரலை மட்டும், அந்த மூன்றாவது சுரத்தின் கட்டையிலிருந்து, மெல்லத் தூக்கினார். இப்போது அம்மாவின் ‘ம’வுக்கு இடம் கிடைத்தது. “மறுபடியும்” என்றார். அம்மா பாடினார். “மறுபடியும்.” எத்தனை முறை பாடவைத்தார் என்று எனக்கு நினைவில்லை. அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடினார். நான் கதையைச் சொன்னேன். ச ரி க ம, தமிழ் எழுத்து, பின் வரிசை, வாயை மட்டும் அசைக்கச் சொன்னது, எல்லாம். அவர் கண்கள் நனைந்துவிட்டன. நடிப்பு இல்லை, இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

“இந்தச் சுரத்தை வைத்துத்தான் நான் எழுதப்போகிறேன். இது உங்கள் அம்மாவுடையது என்று உலகத்துக்குச் சொல்வேன். அவரிடம் சொல்” என்றார்.

சொன்னேன். “ஒங்க நோட்டு ரொம்ப நல்லாயிருக்காம்மா. அத வெச்சுப் பெரிய பாட்டு எழுதப்போறாராம். மேடைல ஒங்களப் பத்திச் சொல்வாராம்.”

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வாத்தியாரு இருந்திருந்தா கேட்டிருப்பாருல்லா” என்றார். காரில் வரும்போது, “யார்ட்டயும் சொல்லாத. நடக்கட்டும், பொறவு சொல்லுவோம்” என்றார். சர்ச்சில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தப் பாட்டின் கடைசி வரியை மட்டும் பாடிக்கொண்டிருப்பார், சத்தமாக. நான் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் அம்மா பாடிக் கேட்டதில்லை.

அதன் பிறகு இசையமைப்பாளருக்கு எழுத்து ஓடியது. வாரம் தவறாமல் புதிய தாள்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஆல்டோ குரல்கள் வீட்டுக்குள் வராமல் நாலாவது சுரத்தில் நிற்கும். அடுத்த பகுதி அங்கிருந்து தொடங்கும். கடைசிப் பகுதியிலும் அது இறங்குவதில்லை, மற்ற எல்லோரும் ஓய்ந்த பிறகு ஆல்டோ மட்டும் அதில் நின்று தேய்கிறது. ஒவ்வொன்றையும் தட்டியது நான். ஒவ்வொரு முறை அதைத் தட்டும்போதும் எனக்குள் ‘அம்மா’ என்று ஓடும். ஒரு பாட்டுக்குள் இத்தனை தடவை என் அம்மா இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அவர் மேல் எனக்கிருந்த மரியாதையை எழுதினால் இப்போது நீங்கள் சிரிப்பீர்கள்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு மதியம், பிரின்ஸ்டனில் ஒரு பெரிய கல் தேவாலயத்தில். என்னைப் பாடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மா கல்யாணப் பட்டைக் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, சாக்ஸோடு ஸ்னீக்கர் மாட்டிக்கொண்டு வந்தார். மேடைக்குக் கூப்பிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும் என்று பொத்தான்களைப் போடாமலே வைத்திருந்தார்.

கச்சேரிக்கு முன்னால் ஒரு பேட்டி. நாற்காலி போட்டு அவரும் ஒரு பெண்மணியும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்மணி கேட்டாள்: “இந்தப் படைப்பு முழுக்க ஆல்டோவில் ஒரு சுரம் இறங்காமல் நிற்கிறதே, கேட்கிறவர் நெஞ்சைப் பிசைகிறதே, அது எங்கிருந்து வந்தது?”

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

“என் அம்மாவிடமிருந்து” என்றார் அவர்.

வாய் தவறிவிட்டது, திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தொடர்ந்தார். “எங்கள் சேப்பலில் அம்மா பின் வரிசையில் நின்று ஆல்டோ பாடுவாள். அதிகம் படிக்காதவள். சோல்ஃபா தாளில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டாள். வாழ்நாள் முழுக்கத் தப்பாகவே பாடினாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அவளுக்கு அன்று கிடைக்காத சத்தத்தை இன்று நான் கொடுக்கிறேன்.”

கூட்டம் மொத்தமும் ‘ஓ’ என்று முனகியது. எனக்கு முன்னால் இருந்த அம்மையார் கைக்குட்டையை எடுத்தாள். சுரத்தை எடுத்தால் எடுத்துத் தொலையட்டும். என் அம்மா அரிசி களைந்துகொண்டே அழுததை எடுத்து, பாட்டே பிடிக்காமல் வாயை இறுக மூடி நின்ற ஒருத்திக்குப் போட்டுவிட்டாரே! அதுவும் வேல்ஸ்காரிக்கு அந்தத் தப்பு வரவே வராது. அங்கே ‘ம’வுக்கு ஒரே அர்த்தம்தான். ச ரி க ம படித்துவிட்டு சோல்ஃபாவுக்கு வந்த ஒரு தமிழச்சிக்குத்தான் அப்படித் தப்புச் செய்யத் தெரியும். அம்மாவை விட்டால் அந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் மேடையில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்னளா சொல்லுதாரு? நம்மளப் பத்தியா? மதர்னு கேட்டுச்சே” என்றார் அம்மா.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா உடைந்துபோவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்படியா! அங்கயும் ஒருத்தி என்னைய மாதிரியே பாடியிருக்காளா! பாவம், அவளையும் வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டானுவளா!” என் கையை அழுத்தினார். “அதாம்ளா அன்னைக்கு நான் பாடுனதும் அவருக்குக் கண்ணு கலங்கிட்டு. அவுக அம்மா ஞாபகம் வந்திருக்கும். நான் ஒருத்திதான் இப்படின்னுல்லா இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

நான் என்ன சொல்ல? சொல்லுங்கள், என்ன சொல்லியிருக்க முடியும்? அம்மாவுக்கு வாழ்நாளில் முதல் முறையாக ஒரு துணை கிடைத்திருக்கிறது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று அந்த இடத்தில் பிடுங்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லும் வழியையும் அல்லவா அவர் அடைத்துவிட்டார். கச்சேரி முழுக்க அம்மா ஒவ்வொரு பகுதி முடியும்போதும் தலையாட்டினார். ‘ம’ வரும்போதெல்லாம் என்னை முழங்கையால் இடித்தார்.

முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் வரவேற்பு. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒங்க அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்க. மோட்சத்துல பாத்தா நாங்க ரெண்டு பேரும் சேந்து பாடுவோம்” என்றார். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: “அவுகளும் மொதல்ல ச ரி க ம படிச்சாகளா?”

“என்ன கேட்கிறார்?” என்றார் அவர் என்னிடம்.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். “உங்கள் அம்மாவும் முதலில் ச ரி க ம படித்தாரா என்று கேட்கிறார்.”

அவர் சிரிப்பு நின்றது. அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். என் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், “அவர்களுக்கு உடனே புரிகிற கதை தேவைப்பட்டது. உன் கதையை விளக்கப் பேட்டி முழுக்கப் போயிருக்கும்” என்றார்.

“யாருடைய தண்ணீர் இது?” என்று கேட்டேன்.

கேட்டது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் பார்த்த அதே முகம் வந்தது. உதடு ஒரு பக்கம் இறுகியது, காது மடல் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ தோளில் கை போட்டு அழைத்துப்போய்விட்டார்கள். அவரும் போய்விட்டார்.

“என்னளா சொன்னாரு?”

“ஆமான்னு சொன்னாரும்மா.” அந்தப் பொய்யை நான்தான் சொன்னேன். அவருக்காக அல்ல.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அவர் அடுத்த படைப்பின் பென்சில் தாள்களைப் படம் எடுத்து அனுப்பினார், ஒன்றுமே நடக்காதது போல. நான் பதில் போடவில்லை. கணவர், “விடு, வயசானவரு, ஏதோ பேசிட்டாரு” என்றார். நான் பார்த்த பார்வையில் லாண்டரியை மடிக்கப் போய்விட்டார். அந்தப் படைப்பின் பதிவு வெளிவந்தது. யூடியூபில் போட்டார்கள். பேட்டித் துண்டு தனியாகப் பரவியது. ‘ஒரு தாயின் தப்பு’ என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே கருத்துகளில் அழும் முக எமோஜிகளாகக் குவிந்திருந்தன. நான் அதை மூடிவிட்டேன்.

அம்மா மட்டும் புது மனுஷியாக இருந்தார். எங்கள் தமிழ்ச் சபை, வெள்ளைக்காரர்களின் தேவாலயத்தை ஞாயிறு மதியம் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. அங்கே நான் பாடுகிற பாடகர் குழுவில் தானும் சேர்கிறேன் என்று அம்மாவாகவே போய்க் கேட்டார். என் பக்கத்தில், ஆல்டோவில், முன் வரிசையில் நின்றார். அந்தப் பாட்டுதான், வேல்ஸிலிருந்து வந்த மெட்டுதான், பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். கடைசி வரியில் அம்மா நெஞ்சை நிமிர்த்தி, கூச்சம் துளியும் இல்லாமல், தன் ‘ம’வைப் பாடினார். எனக்குச் சிலிர்த்தது. ஆயிரம் பேர் கைதட்டிய அந்தக் கச்சேரியில் கூட அது இப்படி ஒலிக்கவில்லை.

குழுவை நடத்துகிற தம்பி சென்னைப் பையன், ஐ.டி.யில் வேலை, நல்ல பிள்ளை. கீபோர்டில் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“ஆன்ட்டி, சூப்பர்! அந்த வேல்ஸ் கம்போஸரோட நோட்தானே இது? நானும் யூடியூப்ல பார்த்தேன், செம டச்சிங். ஆனா நம்ம பாட்டுல அவர் நோட்டைக் காப்பி அடிக்கக் கூடாது ஆன்ட்டி. நாம ஒழுங்கா நம்ம நோட்டையே பாடலாம், சரியா?”

எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

“ஆமாய்யா, அவுக அம்மா பாடுனது அது. நல்லாயிருந்துச்சேன்னு சும்மா பாடிப் பாத்தேன். நீ வாசி.”

சொன்ன குரலில் வருத்தமே இல்லை. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார். தம்பி மறுபடி வாசித்தான். கடைசி வரி வந்தது. அம்மா தாளைப் பார்க்கவில்லை. தலையை என் பக்கம் சாய்த்து, என் குரலைக் கேட்டு, வாத்தியார் அத்தனை முறை திருத்தியும் வராத அந்த மூன்றாவது சுரத்தில், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, சரியாக வந்து நின்றார். தம்பி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அம்மா சந்தோஷமாகச் சிரித்தார்.

தம்பி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தபோது எனக்குக் குரல் வரவில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.